பொருள் சொல்ல நீ இருக்கிறாய்

600001 சென்னை. 627001 திருநெல்வேலி. இந்த இரண்டு அஞ்சல் குறியீட்டையும் ஒரே நெடுவரிசையில் போட்டு, எந்தக் காட்சிப் பகுப்பாய்வு மென்பொருளிடம் வேண்டுமானாலும் கொடு. சராசரி கேள். மறுபேச்சில்லாமல் 613501 என்று விடை வரும். கணக்கில் பிழை இல்லை. பார்த்தால் தஞ்சாவூர்ப் பக்கத்து அஞ்சல் எண் மாதிரியே இருக்கிறது. ஆனால் அந்த விடைக்கு எந்தப் பொருளும் கிடையாது. ஊர் எண்ணைக் கூட்டி வகுக்கக் கூடாது என்று அந்த மென்பொருளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

தம்பி, தங்கையே, அந்த "உனக்குத் தெரியும்" என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

டேட்டா வேலை என்றதும் நீ ஒதுங்குகிறாய். "எனக்குக் கோடிங் வராது." "நான் தமிழ்வழியில் படித்தவள்." "பி.ஏ. வரலாறு படித்தவனுக்கு அங்கே என்ன வேலை?" இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. ஆயிரம் நெடுவரிசைகளை ஒரு நொடியில் புரட்டுகிற கருவிகள் எத்தனையோ வந்துவிட்டன. அந்த நெடுவரிசையில் இருப்பது என்ன என்று சொல்லும் ஆளைத்தான் காணோம். சாலையோர மருத்துவமனையின் பதிவேட்டைப் படித்தால் புரிகிறவள் நீ. ரேஷன் கடைப் பட்டியலில் எந்த எண் அட்டை எண், எந்த எண் ஆள்கணக்கு என்று பார்த்தவுடன் சொல்கிறவன் நீ. அந்த அறிவுக்குச் சான்றிதழ் யாரும் தரவில்லை என்பதற்காக அது அறிவில்லை என்று ஆகிவிடுமா?

மென்பொருள் ஒரு கோப்பைத் திறந்ததும் வடிவத்தைத்தான் பார்க்கிறது. இது எண்ணா, எழுத்தா, தேதியா என்பதோடு அதன் பார்வை ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. இந்த எண் விலையா, வயதா, தொலைபேசியா, வெப்பநிலையா என்பது அடுத்த கேள்வி. அந்தக் கேள்விக்கு மனிதர் சொல்லும் பதிலைத்தான் சொற்பொருள் வகை என்கிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1946இல் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். எல்லா எண்ணும் ஒரே சாதி எண் இல்லை என்று அதில் வகுத்துக் காட்டினார். கால்பந்து வீரரின் முதுகில் இருக்கும் எண் பெயருக்கு நிகரானது. பந்தயத்தில் வந்த இடம் வரிசையை மட்டும் சொல்லும். வெப்பநிலையில் இடைவெளிக்குப் பொருள் உண்டு. ஆனால் 40 டிகிரி செல்சியஸ் என்பது 20 டிகிரியைப் போல இருமடங்கு வெப்பம் என்று சொல்ல முடியாது. எடையில்தான் இருமடங்கு என்பது மெய்யாகவே இருமடங்கு. எந்த எண்ணோடு எந்தக் கணக்கைச் செய்யலாம் என்பதை முடிவு செய்வது எண்ணின் தோற்றம் இல்லை, அதன் பொருள். இன்றைய மென்பொருள்களின் சொற்பொருள் வகைகளுக்கு அடியில் ஓடுவது இந்த எண்ணம்தான்.

இதைப் புதிதாகக் கற்க வேண்டும் என்று நினைக்கிறாயா? மாடு வந்தது, மாமா வந்தார் என்று மூன்று வயதிலேயே சரியாகச் சொன்னவன் நீ. வந்த பொருள் உயர்திணையா அஃறிணையா, ஒன்றா பலவா என்று ஒவ்வொரு பெயரையும் வகைப்படுத்திய பிறகுதான் தமிழில் வினைமுற்றையே முடிக்க முடியும். தொல்காப்பியம் தன் சொல்லதிகாரத்தை இந்தத் திணைப் பாகுபாட்டில்தான் தொடங்குகிறது. பொருளின் வகை தெரிந்தால்தான் அதன்மேல் என்ன செயல் பொருந்தும் என்று தெரியும். இந்தப் பயிற்சி உன் நாக்கில் ஊறிக் கிடக்கிறது. திரையைக் கண்டதும் அதை மறந்துவிடுவது ஏன்?

பவர் பிஐ மென்பொருளை எடுத்துக்கொள். ஒரு நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்தால் 'டேட்டா கேட்டகரி' என்று ஒரு பட்டியல் வரும். முகவரி, நகரம், மாநிலம், நாடு, அஞ்சல் குறியீடு, அட்சரேகை, தீர்க்கரேகை, வலைமுகவரி, படத்தின் முகவரி, பார்கோடு என்று வகைகள் வரிசையாக இருக்கும். எதையும் நீ தேர்ந்தெடுக்காவிட்டாலும் மென்பொருள் ஓடும். அதுதான் ஆபத்து. வலைமுகவரி என்று நீ சொன்னால் வெறும் எழுத்தாகக் கிடந்தது சொடுக்கித் திறக்கும் இணைப்பாகிறது. படத்தின் முகவரி என்று சொன்னால் அட்டவணைக்குள் படமே வந்து நிற்கிறது. கூட்டாதே என்று சொன்னால் அஞ்சல் குறியீட்டைக் கூட்டுவதை நிறுத்துகிறது. நீ சொல்கிற ஒரு சொல்லுக்கு அத்தனை பெரிய கருவி கட்டுப்படுகிறது.

சேலம் என்று ஒரு நெடுவரிசையில் எழுதியிருக்கிறது. நமக்கு ஏற்காட்டு அடிவாரத்துச் சேலம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத் தலைநகருக்கும் அதே பெயர்தான். மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் ஒரு சேலம் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் மூன்றும் ஒன்றே. ஹைதராபாத் தெலங்கானாவில் ஒன்று, சிந்து மாகாணத்தில் ஒன்று. இரண்டெழுத்துக் குறியீடுகளில் ஐஎன் என்றால் நாடுகளின் பட்டியலில் இந்தியா, அமெரிக்க மாநிலங்களின் பட்டியலில் இண்டியானா. சிஏ என்றால் கனடாவா, கலிபோர்னியாவா? டிஇ என்றால் ஜெர்மனியா, டெலவேரா? இது நகரம், அதற்கு மேலே இந்த மாநிலம், அதற்கு மேலே இந்த நாடு என்று நீ அடுக்கு கட்டிக் கொடுத்தால்தான் வரைபடத்தில் புள்ளி சரியான மண்ணில் விழும். டேப்லோ என்ற மென்பொருளில் இதைப் புவியியல் பங்கு என்று குறிக்கச் சொல்கிறார்கள். அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மாற்றிக் குறித்துவிட்டால் 13.08, 80.27 என்ற சென்னை, ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் விழுகிறது. அந்தப் புள்ளியைப் பார்த்ததும் "இது நம்ம ஊர் இல்லையே" என்று முதலில் சொல்கிறவர் யார்? நிரல் எழுதத் தெரிந்தவரா? ஊரைத் தெரிந்தவரே சொல்வார்.

இன்னொரு உலகத்துக்கு வா. குற்றப் புலனாய்வில் ஆட்கள், வாகனங்கள், தொலைபேசிகள், வங்கிக் கணக்குகள் ஆகியவற்றுக்கிடையே ஓடும் தொடர்புகளைக் கோடுபோட்டுக் காட்டும் மென்பொருள் ஐ2 அனலிஸ்ட்ஸ் நோட்புக். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் 1990இல் தொடங்கிய நிறுவனத்தின் படைப்பு அது. 2011இல் ஐபிஎம் அதை வாங்கியது. உலகின் பல காவல்துறைகளில் இந்தப் பணி அந்தத் திரையில்தான் நடக்கிறது. அங்கே சொற்பொருள் வகைதான் உயிர்நாடி. ஒரு நிலையத்தின் பதிவில் 'கார்' என்று இருக்கும். இன்னொரு நிலையத்தில் 'வாகனம்', மூன்றாவதில் 'நாலுசக்கர வண்டி'. மூன்றும் ஒரே வண்டியாக இருக்கலாம். மென்பொருளின் கண்ணுக்கு அவை மூன்று வெவ்வேறு சொற்கள். இந்த மூன்றும் வாகனம் என்ற வகையைச் சேர்ந்தவை, இந்த நெடுவரிசை பதிவெண், அந்த நெடுவரிசை வண்டியின் நிறம் என்று ஒருவர் உட்கார்ந்து பொருள் சொன்ன பிறகே, பிரிந்து கிடந்த பதிவுகள் ஒன்றையொன்று அடையாளம் காண்கின்றன. வகைகள் அங்கே மரம்போலக் கிளைவிடுகின்றன. மேலே பொதுவானது, கீழே போகப்போகக் குறிப்பானது. மேலே இருப்பதைத் தேடினால் கீழே இருப்பவையும் சேர்ந்து வரும். ஆகையால், உறுதியாகத் தெரிந்த அளவுக்குக் குறிப்பான வகையைத் தேர்ந்தெடு. தெரியாத இடத்தில் ஒரு படி மேலே நில். லாரியா காரா என்று தெரியாதபோது வாகனம் என்று மட்டும் சொல்வதற்கு வெட்கப்படாதே. தெரிந்த எல்லையில் நிற்பதற்கும் துணிச்சல் வேண்டும்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் மனித வாழ்க்கை அடங்கியிருக்கிறது. ஒரு ஆளின் வகை 'ஆள்' என்பதே. 'குற்றவாளி' என்பது வகை இல்லை. அது ஒரு தீர்ப்பு. சாட்சி சொல்ல வந்தவனும், வழியில் நின்றவனும், உண்மையில் செய்தவனும் பொருளளவில் ஆட்கள்தான். அவர்களைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம் என்பதை வகைக்குள் ஒளித்து வைத்தால், பத்துப் பேர் கை மாறிய பிறகு அது கேள்வி கேட்க முடியாத உண்மையாக உறைந்துவிடும். பொருள் சொல்லும் அதிகாரம் உன் கையில் வரும்போது இந்தக் கோட்டை நீதான் காக்க வேண்டும். மேலதிகாரி சொன்னாலும் காக்க வேண்டும்.

பெரிய படிப்பு படித்தவர்களும் பொருள் சொல்லாமல் விட்ட இடத்தில் என்ன நடந்தது தெரியுமா? மனித மரபணுக்களில் சிலவற்றுக்குச் 'செப்ட்2', 'மார்ச்1' என்று குறியீட்டுப் பெயர்கள் இருந்தன. எக்செல் அவற்றைத் தேதி என்று எடுத்துக்கொண்டு, செப்டம்பர் 2, மார்ச் 1 என்று தானாக மாற்றிவிட்டது. மார்க் சீமன் குழுவினர் 2016இல் ஜீனோம் பயாலஜி இதழில் வெளியிட்ட ஆய்வில், எக்செல் கோப்பில் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இப்படிக் கெட்டிருந்தது தெரியவந்தது. முனைவர்கள் எழுதி, வல்லுநர்கள் சரிபார்த்து, உலகம் படித்த கட்டுரைகள்! கடைசியில் 2020இல் பெயரிடும் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றியது. மார்ச்1 மார்ச்எஃப்1 ஆயிற்று, செப்ட்1 செப்டின்1 ஆயிற்று. இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தி வைக்கும் வசதியை எக்செல் 2023இல்தான் கொடுத்தது. இந்த நெடுவரிசை தேதி இல்லை, பெயர் என்று இறக்குமதி செய்த அன்றே ஒருவர் ஒரு சொடுக்கில் சொல்லியிருந்தால் போதும். அந்த ஒருவராக இருக்க முனைவர் பட்டம் தேவையில்லை. கவனம் தேவை. "இது என்ன?" என்று கேட்கிற திமிர் தேவை.

உன் மேசையிலும் இதே ஆபத்து இருக்கிறது. 044 என்ற சென்னையின் தொலைபேசிக் குறியீடு எண்ணாக மாறி 44 ஆகிவிடும். 16 இலக்க அட்டை எண்ணை எக்செல்லில் எண்ணாகப் போட்டால் 15 இலக்கம்தான் பிழைக்கும், கடைசி இலக்கம் பூஜ்ஜியமாகிவிடும். யாரும் சொல்லித் தர மாட்டார்கள். நீயே பார்.

இனி, இந்தக் கட்டுரையை எழுத வைத்த மனிதரிடம் வருகிறேன். 1854 நவம்பரில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் இஸ்தான்புல்லுக்கு எதிர்க்கரையில் ஸ்குடாரி ராணுவ மருத்துவமனையில் போய் இறங்கினார். கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்தது. சிப்பாய்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். போரில் சாவது இயல்பு என்று மேலிடம் எண்ணியது. போர் முடிந்து திரும்பிய நைட்டிங்கேல், வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளரோடு சேர்ந்து அந்தச் சாவுகளை வகைப்படுத்தினார். ஃபார் ஷ்ராப்ஷயரில் ஏழை வீட்டில் பிறந்தவர். மரணங்களுக்குக் காரண வாரியாகப் பெயர் வைத்து வகுப்பதையே தொழிலாகக் கொண்டவர்; இன்று உலகம் முழுக்கப் பயன்படும் நோய் வகைப்பாட்டுக்கு முன்னோடிகளில் ஒருவர். இருவரும் சாவுகளை மூன்றாகப் பிரித்தார்கள்: தடுத்திருக்கக்கூடிய தொற்றுநோய்களால் வந்தவை, காயத்தால் வந்தவை, மற்றவை.

1855 ஜனவரி மாதத்தை மட்டும் பார். காயத்தால் செத்தவர்கள் 83. மற்ற காரணங்கள் 324. தடுத்திருக்கக்கூடிய நோய்களால் செத்தவர்கள் 2761.

இந்த மூன்று எண்ணையும் மறுபடி படி. 3168 சாவு என்று ஒரே எண்ணாக இருந்தவரை அது விதி, போர், கடவுள் சித்தம். மூன்றாகப் பிரித்ததும் அது குற்றச்சாட்டு ஆகிவிட்டது. எதிரியின் குண்டு கொன்றதைப் போல முப்பது மடங்குக்கும் மேல் அழுக்கும் நெரிசலும் சாக்கடையும் கொன்றிருக்கின்றன. 1858இல் நைட்டிங்கேல் அச்சிட்டு வெளியிட்ட பூவிதழ் வடிவப் படத்தில் நீலம் நோய், சிவப்பு காயம், கறுப்பு மற்றவை. நீலம் மற்ற இரண்டையும் விழுங்கிக்கொண்டு நிற்கிறது. படம் அழகாக இருந்ததால் அது வென்றது என்று பலர் எழுதுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நிறம் தீட்டுவதற்கு முன்பே வெற்றி முடிவாகிவிட்டது. 'தடுத்திருக்கக்கூடியது' என்று ஒரு நெடுவரிசைக்குப் பெயர் வைத்த நொடியில் அது முடிவாகிவிட்டது. அந்தப் பெயரை வைக்க எத்தனை துணிச்சல் வேண்டும் என்று எண்ணிப் பார். ராணுவத்தில் பதவி இல்லாத ஒரு பெண், இந்தச் சாவுகள் நடந்திருக்க வேண்டியதில்லை என்று ஒரு பேரரசின் முகத்தில் எழுதிக் காட்டினாள். அதே 1858இல் லண்டன் புள்ளியியல் சங்கம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

இதில் இன்னொரு உண்மையும் உண்டு. நோய் கெட்ட காற்றால் பரவுகிறது என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள், ஃபாரும் நம்பினார். அந்தக் கோட்பாடு பிறகு விழுந்துவிட்டது. ஆனால் காயத்துக்கும் தடுக்கக்கூடிய நோய்க்கும் நடுவே அவர்கள் போட்ட கோடு விழவில்லை. எல்லாம் தெரிந்த பிறகுதான் வகைப்படுத்த வேண்டும் என்று காத்திருக்காதே. உனக்குக் கண்முன்னே தெரிகிற வேறுபாட்டை நேர்மையாகப் பிரித்து வை. விளக்கம் நாளை மாறலாம், பிரித்து வைத்தது பயன்படும்.

இப்போது உன்னைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாத வேலைக்கு வருகிறேன். உலகச் சந்தையில் விற்கும் மென்பொருள்கள் பலவும் ஒரு மனிதனின் பெயரை முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டாக வெட்டுகின்றன. மு. செல்வம் என்பவர் அங்கே எப்படிப் பொருந்துவார்? முத்து அவருடைய அப்பாவின் பெயர். குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் முத்து என்று போடுகிறார்கள். அப்பா முத்துவுக்கோ குடும்பப்பெயர் கட்டத்தில் அவருடைய அப்பா கருப்பன் உட்காருகிறார். இப்போது குடும்பப்பெயரை வைத்து உறவு தேடச் சொன்னால், மென்பொருள் அப்பனையும் மகனையும் அந்நியர் என்று பிரித்துவிடும். முத்து என்று பெயர்கொண்ட வேறு வேறு அப்பன்களின் பிள்ளைகளையெல்லாம் ஒரே குடும்பம் என்று சேர்த்துக் கோடு போட்டுவிடும். திருமணமான பெண் தலைப்பெழுத்தை அப்பாவிடமிருந்து கணவருக்கு மாற்றிக்கொண்டால், அவள் இரண்டு ஆளாகிவிடுவாள். வாக்காளர் பட்டியலிலும் நோயாளிப் பதிவிலும் கடன் கணக்கிலும் இந்தப் பிழை விளையக்கூடும். விளையும் இடத்தில் மருந்து மாறும், பணம் மாறும், உரிமை மாறும். கருவி செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை; அவர்கள் வாழும் ஊரில் குடும்பப்பெயர் உண்டு, அவ்வளவுதான். நம் ஊரில் பெயர் எப்படி இயங்குகிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது? அது தெரிந்தவர்கள் ஊர்ப்பள்ளியில் வருகைப் பதிவேடு எழுதுகிற ஆசிரியர்கள், சொசைட்டியில் கணக்கெழுதுகிறவர்கள், நீ. அந்த அறிவைச் சிறிது என்று உன்னை நம்ப வைத்திருக்கிறார்கள். அதை இன்றோடு விடு.

"இதையெல்லாம் ஏஐ பார்த்துக்கொள்ளும்" என்று உன்னை மிரட்டுவார்கள். 2019இல் எம்ஐடி ஆய்வாளர்கள் பங்குபெற்ற குழு ஷெர்லாக் என்ற ஒன்றைச் செய்தது. நெடுவரிசையில் உள்ள மதிப்புகளைப் பார்த்து அதன் சொற்பொருள் வகையை அதுவே ஊகிக்கும். நல்ல கருவி, மதிக்கிறேன். அதற்குத் தெரிந்த வகைகள் 78. அதைப் பழக்கியது எதை வைத்து? மனிதர்கள் ஏற்கெனவே தலைப்பு எழுதி வைத்த நெடுவரிசைகளை வைத்து. மனிதர் பெயர் வைத்த இடத்திலிருந்துதான் இயந்திரம் கற்றது. தலைப்பெழுத்து என்று எந்தக் கோப்பிலும் யாரும் பெயர் வைக்காவிட்டால், எந்த இயந்திரமும் அதைக் கற்க வழியில்லை. நீ இன்று தயங்கினால், நாளை வரும் எல்லாக் கருவிகளுக்கும் உன் ஊர் இல்லாமல் போகும்.

ஆகவே கோப்பைத் திற. படம் வரையாதே, முதலில் ஒவ்வொரு நெடுவரிசையிடமும் கேள்: நீ யார்? உன்னைக் கூட்டலாமா? வரிசைப்படுத்தலாமா? வரைபடத்தில் வைக்கலாமா? காலியாக இருக்கும் கட்டம் 'இல்லை' என்கிறதா, 'தெரியாது' என்கிறதா, 'கேட்கவே இல்லை' என்கிறதா? புரியாவிட்டால் அந்தப் பதிவை எழுதிய கையைத் தேடிப் போ. மருத்துவமனையில் என்றால் செவிலியர் அக்காவிடம், கிராமத்தில் என்றால் வி.ஏ.ஓ.விடம், கடையில் என்றால் பில் போடுகிறவரிடம். கூச்சப்படாதே, கேட்காமல் ஊகித்தால்தான் வெட்கப்பட வேண்டும். கூட்டத்தில் பெரிய அதிகாரி ஒருவர் வண்ண வண்ணமாகப் படம் காட்டும்போது எழுந்து, "ஐயா, இந்த அச்சில் இருப்பது வீடுகளின் எண்ணிக்கையா, ஆட்களின் எண்ணிக்கையா?" என்று கேள். குரல் நடுங்கினாலும் கேள். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்றால் அந்தப் படத்துக்கு மதிப்பு இல்லை.

மென்பொருள் தருகிற பட்டியலில் உன் பொருளுக்கு இடம் இல்லையா? பக்கத்தில் கிடைத்த வகையில் திணித்துவிட்டுப் போகாதே. அனலிஸ்ட்ஸ் நோட்புக்கில் புதிய வகையை உருவாக்க வழி இருக்கிறது. பொருந்துகிற பொது வகையைக் கண்டுபிடித்து, அதற்குக் கீழே உன் வகையை வை. 'தந்தை பெயரின் தலைப்பெழுத்து' என்று எழுது. 'கணவர் பெயரின் தலைப்பெழுத்து' என்று தனியே எழுது. வேறு மென்பொருளில் அந்த வசதி இல்லாவிட்டால் நெடுவரிசையின் தலைப்பிலும் அதன் விளக்கக் குறிப்பிலும் எழுது. என்னென்ன மதிப்பு வரலாம், எது வரக்கூடாது, யாரிடம் கேட்டு உறுதி செய்தாய் என்று இரண்டு வரி சேர். கீழே உன் பெயரையும் தேதியையும் போடு. நாளை யாராவது அதைக் காட்டிக் கேள்வி கேட்டால், பதில் சொல்ல நீ இருக்கிறாய்.